இம்ப்ளான்ட் போட்ட வாயும் காலைக் காப்பியும்: எந்த வழி ஒத்துவரும்?

பழனி மலையில தாண்டிக்குடி பக்கம் காப்பிச் செடிக்கு நடுவுல பொறந்து வளந்தவங்ககிட்ட "பல்லுல ஆபரேஷன் பண்ணியிருக்கு, கொஞ்ச நாளைக்கு காப்பி வேணாம்"னு சொன்னா சரிங்கன்னு தலைய ஆட்டிட்டுதான் வருவாங்க, ஆனா மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு பனி எறங்கி விரலெல்லாம் மரத்துப் போயி நிக்கும்போது அடுப்படியில இருந்து டிகாஷன் வாசம் வந்துச்சுன்னா அந்தச் சரிங்க எங்க போச்சுன்னே தெரியாது. எங்க வீட்டுல அதான் நடந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு, இந்த வருஷம் தை மாசம் எனக்கு, ரெண்டு பேருக்குமே கீழ்த்தாடையில கடவாப்பல் போன எடத்துல இம்ப்ளான்ட் வெச்சாங்க. அம்மா ஒரு வழியில போனாங்க, அவங்க பட்ட பாட்டைப் பாத்துட்டு நான் வேற வழியில போனேன், ரெண்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசத்தை எழுதி வெக்கணும்னு தோணுச்சு, ஏன்னா மலையில இருக்கிற நமக்கு இதுல சில விஷயம் கீழ இருக்கிறவங்களுக்கு இல்லாத மாதிரி இருக்கு.

நம்ம முன்னாடி இருக்கிற வழிங்க இதுதான். ஒண்ணு, தையல் பிரிக்கிற வரைக்கும் காப்பிய முழுசா நிறுத்திடுறது. ரெண்டு, எப்பவும் போல சூடா, ஆனா ஆபரேஷன் பண்ணாத பக்கமா வெச்சு குடிச்சுக்கிறது. மூணு, ரெண்டு மூணு நாள் கழிச்சு நல்லா ஆற வெச்சு கொஞ்சமா குடிக்கிறது. நாலு, கோல்ட் காப்பிக்கு மாறிக்கிறது. அஞ்சு, சுக்குமல்லிக் காப்பி, டீ, இல்ல டீகாஃப்னு சொல்ற காஃபீன் நீக்கின காப்பி மாதிரி வேற எதுக்காச்சும் போயிடுறது. கேக்குறதுக்கு எல்லாமே ஒரு மாதிரிதான் தெரியும், ஆனா ஒவ்வொண்ணுலயும் மாட்டிக்கிற எடம் வேற வேற.

முதல்ல வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். இம்ப்ளான்ட்ங்கிறது தாடை எலும்புல துளை போட்டு இறக்குற ஒரு டைட்டானியம் திருகாணி, அது மேலதான் பின்னாடி பல் மாட்டுவாங்க. சுவீடன் நாட்டு பெர் இங்வார் பிரானமார்க்னு ஒருத்தரு 1950கள்ல முயலோட கால் எலும்புக்குள்ள டைட்டானியத்துல செஞ்ச ஒரு கருவிய வெச்சு ரத்த ஓட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, வேலை முடிஞ்சு கழட்டப் போனா எலும்பு அதை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல, அதுல இருந்து பொறந்ததுதான் இந்த வைத்தியம், 1965ல முதல் ஆளுக்கு வாயில வெச்சாரு. அந்த எலும்பு புடிக்கிற வேலைக்கு நமக்கு மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் ஆகும், கீழ்த்தாடை சீக்கிரம் புடிக்கும், மேல்தாடை எலும்பு கொஞ்சம் மெத்துனு இருக்கும்கிறதால இன்னும் லேட்டாகும். ஆனா மேல இருக்கிற ஈறோட கணக்கு வேற. முதல் நாள் வெட்டின எடத்துல ரத்தம் உறைஞ்சு ஒரு மூடி மாதிரி உக்காரும், அதுக்குக் கீழதான் புதுச் சதை வளரணும், வீக்கம் ரெண்டாவது மூணாவது நாள்ல உச்சத்துக்குப் போயி அப்புறம் வடியும், ஒரு வாரம் பத்து நாள்ல தையல் பிரிப்பாங்க. நம்ம காப்பிப் பிரச்சனை பெரும்பாலும் இந்த முதல் பத்து நாள் பிரச்சனைதான், அதுலயும் முதல் மூணு நாள்தான் ரொம்ப முக்கியம்.

அம்மா கதைக்கு வர்றேன். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காப்பி, காலையில எந்திரிச்ச உடனே ஒண்ணு, பத்து மணிக்கு களத்துல வேலை பாக்குறவங்களுக்குப் போடும்போது ஒண்ணு, மத்தியானம் மூணு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் வெளக்கேத்திட்டு ஒண்ணு. கீழ போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு பட்டிவீரன்பட்டி, பெரும்பாறை வழியா மேல ஏறி வீட்டுக்கு வந்தாச்சு. கையில குடுத்த தாள்ல "சூடான பொருட்களைத் தவிர்க்கவும்"னு ஒரே ஒரு வரி, எத்தனை நாளைக்குன்னு இல்ல, எதுக்குன்னும் இல்ல. அன்னைக்கு ராத்திரி ஆறுன கஞ்சி குடிச்சு படுத்தாங்க. மறுநாள் முழுக்க காப்பி இல்லாம இருந்தாங்க, மத்தியானத்துக்கு மேல தலைவலி ஆரம்பிச்சுது. நெத்தியில இருந்து கண்ணுக்குப் பின்னாடி வரைக்கும் இடிக்குதுன்னு சொன்னாங்க, வலி மாத்திரை போட்டும் கேக்கல, ஆபரேஷன்லதான் என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டாங்க. அதுக்கு அடுத்த நாள் விடிகாலையில பொறுக்க முடியாம எந்திரிச்சு அவங்களே ஒரு காப்பியப் போட்டு, ஆபரேஷன் பண்ணாத வலது பக்கமா சாய்ச்சு, சூடா குடிச்சிருக்காங்க. தலைவலி அரை மணி நேரத்துல பாதியாச்சு. ஆனா ஏழு மணிக்கு எச்சில் துப்பும்போது செகப்பா வர ஆரம்பிச்சுது, முகம் கழுவுற தொட்டி ஓரத்துல அந்தச் செகப்பைப் பாத்ததும் எனக்கு வயித்தைப் பெசஞ்சுது. கீழ இறங்கி ஆஸ்பத்திரி போகணும்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினோம், சுத்தமான காஸ் துணிய மடிச்சு நனைச்சுப் பிழிஞ்சு அந்த எடத்துல வெச்சு அரை மணி நேரம் விடாம கடிச்சுக்கிட்டு நிமிந்து உக்காரச் சொல்லுங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, வெளிய கன்னத்துல ஐஸ் ஒத்தடம் குடுங்கன்னாங்க. நின்னுருச்சு. ஆனா அந்தப் பக்கம் ஈறு மூடுறதுக்கு கூடுதலா ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு.

அந்தத் தலைவலி ஆபரேஷனால வந்தது இல்லைங்கிறதுதான் எனக்கு அப்புறமா புரிஞ்ச விஷயம். தினமும் காப்பி குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா, அதுல இருக்கிற காஃபீன்ங்கிற பொருள் கெடைக்காம 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள தலைவலி ஆரம்பிக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போகும், சில பேருக்கு ஒரு வாரம் வரைக்கும் கூட இழுக்கும், கூடவே அசதி, எரிச்சல், எதுலயும் மனசு ஒட்டாத மாதிரி. இப்ப ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. புண்ணு மேல இருக்கிற ரத்த மூடி இன்னும் உறுதியாகாத நாளும், காப்பி இல்லாத தலைவலி உச்சத்துல நிக்கிற நாளும் ஒரே நாளா வந்து விழுது. அம்மாவுக்கு மனஉறுதி இல்லாம போகல, தப்பான நாள்ல அந்த வலி வந்து நின்னுச்சு, அவ்வளவுதான். அதனால காப்பிய என்ன பண்றதுங்கிறத ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து யோசிச்சா லேட்டு, தேதி குடுத்த அன்னைக்கே முடிவு பண்ணணும்.

முதல் வழி, முழுசா நிறுத்துறது, புண்ணுக்கு நல்லதா கெட்டதான்னா நல்லதுதான், அதுல வாதமே இல்ல. சூடு படாது, தூள் சிக்காது, மவுத்வாஷோட சேந்து கறை புடிக்காது, ராத்திரி தூக்கம் நல்லா வரும், ஆறுறதுக்கு தூக்கம் பெரிய மருந்து. ஆனா நாலு டம்ளர் ஆளுங்க ஒரே நாள்ல நிறுத்தக்கூடாது. நான் என்ன பண்ணினேன்னா, ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஆரம்பிச்சேன். மூணு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் கொறச்சேன், அதோட மிச்சம் இருக்கிற டம்ளர்ல போடுற தூளையும் மாத்தினேன். எங்க வீட்டுல சிக்கரி சேக்காத தூள்தான், சொந்தக் களத்துல காயப்போட்டு வறுத்து அரைக்கிறது, அதுல கடையில சிக்கரி வாங்கி தூள் 60க்கு சிக்கரி 40ன்னு கலந்துக்கிட்டேன். சிக்கரி ஒரு செடியோட வேரு, அதுல காஃபீன் துளி கூட கெடையாது, ஆனா அந்தக் கருப்பும் கசப்பும் இருக்கும், நாக்கு பெருசா ஏமாந்த மாதிரி நெனைக்காது. இப்பிடி எறக்கிக்கிட்டே வந்து ஆபரேஷனுக்கு முந்தின நாள் அரை டம்ளர்ல நின்னேன். அடுத்த ரெண்டு நாள் சுத்தமா இல்லாம இருந்தப்ப லேசா ஒரு கனம் இருந்துச்சு, அம்மாவுக்கு வந்த மாதிரி இடி எதுவும் இல்ல.

ஒரு விஷயம், நம்ம பழனி மலையில வெளையிறது பெரும்பாலும் அராபிகா. ரோபஸ்டாவுல இதை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு காஃபீன் இருக்கும். கடைத்தூள் வாங்குறவங்க பிளான்டேஷன்னு சொல்ற அராபிகா தூளா கேட்டு வாங்கினா ஒரு மாதிரி, விலை கொறஞ்ச தூள்ல ரோபஸ்டா நெறைய கலந்திருந்தா வேற மாதிரி. ஒரே நாலு டம்ளர்னு எண்ணிக்கிட்டு இருந்தாலும் உள்ள போற அளவு ரெண்டு வீட்டுலயும் ஒண்ணு கெடையாது, அதனால ரோபஸ்டா தூள் குடிக்கிறவங்க இன்னும் முன்னாடியே, ரெண்டு வாரம் இருக்கும்போதே கொறைக்க ஆரம்பிக்கிறது நல்லது.

ரெண்டாவது வழி, சூடா மறுபக்கமா குடிக்கிறது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாய்ங்கிறது ஒரே குளம், வலது பக்கம் ஊத்தினா இடது பக்கம் போகாதுன்னு இல்ல. சூடு பட்டா ரத்தக் குழாய் விரியும், அந்த எடத்துக்கு ரத்தம் அதிகமா வரும், புதுசா உறைஞ்சது கரைஞ்சு நழுவும். அதுலயும் முதல் சில மணி நேரம் மரத்துப் போற ஊசியோட வேகம் இருக்கும், உதடு கன்னம் எதுவும் நம்மளோடது மாதிரியே இருக்காது, அப்ப சூடா குடிச்சா வெந்து போனது கூட தெரியாது. "மலையில தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும், அவ்வளவு சூடு இருக்காது"ன்னு எங்க சித்தப்பா சொன்னாரு. பாதி உண்மை. உயரம் ஏற ஏற கொதிக்கிற சூடு கொறையுது, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி, கொடைக்கானல் ஊருக்குள்ள தண்ணி 93 டிகிரி பக்கமே கொதிச்சுரும், எங்க ஊர் அதை விடக் கீழங்கிறதால 95, 96ல. ஆனா ஈறுக்கு 93 என்ன 100 என்ன, ரெண்டும் வேக வெக்கிற சூடுதான். இன்னொண்ணும் சொல்லணும், 65 டிகிரிக்கு மேல சூடா எதையுமே வழக்கமா குடிக்கிறது உணவுக்குழாய்க்கு கெடுதல்னு, அதுல புத்துநோய் வர வாய்ப்பு இருக்குன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016ல சொல்லியிருக்கு, அது காப்பிய சொல்லல, சூட்டை சொல்லுது. ஆபரேஷன் இல்லாத நாள்லயும் யோசிக்க வேண்டியது.

இப்ப மூணாவது வழி, நான் போன வழி, இதைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன். முதல் ரெண்டு நாள் காப்பி அறவே இல்ல. மூணாவது நாள் காலையில டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, ரத்தம் எதுவும் வரல, வீக்கம் கன்னத்துல மட்டும்தான் இருக்குன்னு சொல்லி, வெதுவெதுப்பா குடிக்கலாமான்னு கேட்டேன், சரின்னாங்க. எனக்கு ஒரே ஒரு இம்ப்ளான்ட், தாடை எலும்பு கம்மியா இருந்தா வெக்கிற எலும்புத்தூள் எதுவும் வெக்கல, அதனால சரின்னாங்க. எலும்புத்தூள் வெச்சுத் தெச்சவங்களுக்கு, இல்ல ஒரே நேரத்துல நாலஞ்சு இம்ப்ளான்ட் வெச்சவங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள்னு சொல்லுவாங்க, அதை அப்பிடியே கேட்டு நடக்கணும், என்னைப் பாத்து மூணு நாள்னு வெச்சுக்காதீங்க.

வெதுவெதுப்புன்னா எவ்வளவுங்கிறதுதான் எல்லாரும் தப்பு பண்ற எடம். உதட்டுக்கு எதமா இருக்கிறது புண்ணுக்கு சூடு. வருஷக்கணக்கா சூடா குடிச்சுப் பழகின உதடு சரியான அளவு சொல்லாது. எங்க அம்மாதான் வழி சொன்னாங்க, கைக்கொழந்தைக்கு பால் குடுக்குறதுக்கு முன்னாடி மணிக்கட்டு உள்பக்கம் ரெண்டு சொட்டு விட்டுப் பாப்போம்ல, அதே மாதிரி. டம்ளர்ல இருந்து டவராவுக்கு, டவராவுல இருந்து டம்ளருக்குன்னு ஆத்தி, ரெண்டு சொட்டு மணிக்கட்டுல விட்டு, விட்டது சூடா இருக்கா குளுந்து இருக்கான்னே தெரியாத அளவுக்கு வந்தா அதுதான் பதம். தை மாசக் காலையில எங்க அடுப்படியில அந்தப் பதம் வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகாது, ஏழெட்டு தடவை ஆத்தி டவராவோட ஜன்னல் ஓரம் வெச்சா நொரை அடங்குறதுக்குள்ள வந்துரும், இந்த ஒரு விஷயத்துல மலைக்குளிரு நமக்கு உதவி.

அடுத்தது எப்பிடிக் குடிக்கிறதுங்கிறது. நம்ம ஆளுங்க ரெண்டு விதமா குடிப்போம், ஒண்ணு டம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊத்திக்கிறது, இன்னொண்ணு உதட்டுல வெச்சு சர்ருன்னு உறிஞ்சுறது. ரெண்டுமே இந்த நேரத்துக்கு ஆகாது. அண்ணாந்து ஊத்தினா நேரா பின்னாடி கடவாப்பல் பக்கம்தான் விழும், அங்கதான் தையலே இருக்கு. உறிஞ்சினா வாய்க்குள்ள காத்து இழுக்கும், அந்த இழுப்புல ரத்த மூடி கழண்டு வரலாம், ஸ்ட்ரா வேணாம்னு சொல்றதும் இதே காரணத்துக்குத்தான். டம்ளரை கீழ் உதட்டுல வெச்சு லேசா சாய்ச்சு, அது தானா வர்ற அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா முழுங்கணும். முதல் நாள் ஒரு மாதிரி இருக்கும், மூணாவது வாய்க்குப் பழகிரும்.

மூணாவது, தூள். இதை எந்தத் தாள்லயும் எழுதிப் பாக்கல, ஆனா நான் கண்ணால பாத்தது. பித்தளை ஃபில்டர்ல இறங்குற டிகாஷனை ஒரு வெள்ளை எவர்சில்வர் தட்டுல ஒரு சொட்டு விட்டு சாய்ச்சுப் பாருங்க, ஓரமா மை மாதிரி பொடி நிக்கும். அது தையல் நூல்ல போயி ஒக்காந்தா பிரஷ்ஷும் போட முடியாது, வேகமா கொப்பளிக்கவும் முடியாது. அதனால டிகாஷனை மெல்லிசு வேட்டித் துணியில ரெண்டா மடிச்சு இன்னொரு தடவை வடிகட்டினோம், துணியில தங்குன பொடியப் பாத்து அம்மாவே அசந்துட்டாங்க. தோட்டத்து வேலையில இருக்கிறவங்க தூளையே கொதிக்கிற தண்ணியில போட்டு கருப்பட்டி தட்டிப் போட்டு கடுங்காப்பி வெப்பாங்க, குடிக்கிறதுக்கு அதைப் போல ருசி எதுவும் இல்லைன்னு எனக்குத் தோணும், ஆனா தையல் இருக்கிற வரைக்கும் அதை மட்டும் தொடவே கூடாது, மண்டி அவ்வளவு இருக்கும். டிகாஷன் வடிகட்ட நேரம் இல்லாதவங்க இந்தப் பத்து நாளைக்கு மட்டும் இன்ஸ்டன்ட் தூள் போட்டுக்கலாம், அதுல மண்டி இருக்காது.

குடிச்சு முடிச்சதும் ஒரு வாய் ஆறுன தண்ணி, கொப்பளிக்காம வாய்க்குள்ள மெதுவா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்ச்சு தானா வழிய விட்டுரணும், காறித் துப்பக் கூடாது, துப்புறதும் இழுப்புதான். சர்க்கரை முடிஞ்ச வரைக்கும் கொறைச்சுக்கோங்க.

பால் சேக்கலாமான்னு கேப்பாங்க. தையல் போட்டா பால் குடிச்சா சீழ் வெக்கும்னு எங்க அத்தை இன்னைக்கும் சொல்றாங்க, ஆனா டாக்டரம்மா அதெல்லாம் இல்ல, இந்த நேரத்துல மெல்ல முடியாம கெடக்குற உடம்புக்கு பால்ல இருக்கிற புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நல்லதுன்னுதான் சொன்னாங்க. பால் விஷயத்துல பாக்க வேண்டியது மாத்திரை. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி மாத்திரை குடுத்திருந்தா பாலோட சேத்து முழுங்கினா அந்த மருந்து உடம்புல சரியா ஏறாது. சிப்ரோஃபிளாக்சசினுக்கு இன்னொரு குணமும் இருக்கு, காஃபீனை ஒடம்பு வெளியேத்துறத அது மெதுவாக்கிரும், ஒரு டம்ளர் குடிச்சாலே படபடப்பு தூக்கமின்மைன்னு வரலாம். அமாக்ஸிசிலின்தான் குடுத்திருக்காங்கன்னா இந்த ரெண்டு கவலையும் இல்ல. சீட்டுல இருக்கிற பேரை ஒரு தடவை படிச்சுக் கேட்டுக்கோங்க.

வலி மாத்திரையோட கதை இன்னும் முக்கியம். விடிகாலையில எந்திரிச்சா வாய் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், உடனே வெறும் வயித்துல மாத்திரையப் போட்டு அது மேல காப்பிய ஊத்துறது நம்ம வீடுகள்ல ரொம்ப சகஜம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் இதெல்லாம் வயித்தை அரிக்கிற மாத்திரை, காப்பி அமிலத்தைக் கூட்டும், ரெண்டும் சேந்தா நெஞ்செரிச்சல், வாந்தி. தையல் போட்ட வாயில வாந்தி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நான் முதல்ல ஆறுன ராகிக் கூழோ நல்லா மசிச்ச விருப்பாச்சி வாழைப்பழமோ சாப்பிட்டு, மாத்திரையத் தண்ணியில போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சுதான் காப்பி. வாந்தின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, மலைப்பாதையில பஸ்ஸுல வந்தா வளைவுக்கு வளைவு கொமட்டுற ஆளா இருந்தா ஆபரேஷன் அன்னைக்கு முன்சீட்டுல உக்காந்து வாங்க, வாந்திக்கு முன்னாடியே மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க, கீழ இறங்குறதுக்கு முன்னாடி வெறும் வயித்துல காப்பி மட்டும் குடிச்சுட்டு கெளம்பாதீங்க.

மவுத்வாஷ். பெரும்பாலும் குளோரெக்சிடின்தான் குடுப்பாங்க, கிருமிக்கு ரொம்ப நல்லது, ஆனா அதைக் கொப்பளிச்ச வாயில காப்பியோ டீயோ பட்டா ரெண்டும் சேந்து பல்லுல பழுப்புக் கறையா படியும். அம்மாவுக்கு ரெண்டே வாரத்துல முன்பல் ஓரமெல்லாம் வெத்தலை போட்ட மாதிரி ஆயிருச்சு, அப்புறம் கிளீனிங் பண்ணிதான் போச்சு. நான் மவுத்வாஷை ராத்திரி படுக்கும்போதும், காலையில காப்பி எல்லாம் முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சும் வெச்சுக்கிட்டேன், எனக்குக் கறை பெருசா வரல. உள்ள இருக்கிற டைட்டானியத்துக்கு கறையால ஒண்ணும் ஆகாது, பின்னாடி மாட்டுற செராமிக் பல்லும் நம்ம பல்லு மாதிரி சீக்கிரம் கறை புடிக்காது, கஷ்டம் பக்கத்துல இருக்கிற சொந்தப் பல்லுக்குத்தான்.

கோல்ட் காப்பி பத்தி சுருக்கமா. மதுரையில சித்திரை வெயில்ல இருக்கிறவங்களுக்கு இது நல்ல வழின்னு நெனைக்கிறேன், குளிர்ச்சி வீக்கத்துக்கு எதமா இருக்கும், சூட்டு பயமே இல்ல. ஆனா கடையில வாங்கினா ஸ்ட்ரா போட்டு, மேல சாக்லேட் தூவி, ஐஸை நறுக்கிப் போட்டு, சர்க்கரைப் பாகா குடுப்பாங்க, அதுல ஒவ்வொண்ணும் இந்த வாய்க்கு வேண்டாதது. வீட்டுலயே போட்டு டம்ளர்ல குடிச்சா சரி. மலையில மார்கழி தையில இதைக் குடிச்சா சளி புடிக்கும்னு பயம், சளி புடிச்சா இருமல் தும்மல், அந்த அழுத்தம் புண்ணுக்கு நல்லதில்ல. எனக்கு ஒத்துவராதுன்னு விட்டுட்டேன்.

சுக்குமல்லிக் காப்பிக்கு காப்பின்னு பேருதான், காஃபீன் கெடையாது, அதனால அந்தத் தலைவலிக்கு உதவாது. சுக்கு, மெளகு ரெண்டும் புண்ணுல எரியும், அரைச்ச பொடி தையல்ல நிக்கும். அஞ்சாறு நாள் கழிச்சு மெளகு இல்லாம, துணியில வடிகட்டி, ஆற வெச்சு சாயங்காலத்துக்கு குடிக்கிறதுன்னா நல்ல பழக்கம், ஏன்னா காஃபீன் ஒடம்புல பாதியா கொறையவே அஞ்சு மணி நேரம் பக்கம் ஆகும், சாயங்காலக் காப்பி ராத்திரி தூக்கத்தைத் திங்கும். டீக்கு மாறினா காஃபீன் கொறையும், ஆனா சூடும் கறையும் அப்பிடியேதான், நீலகிரிப் பக்கத்து சொந்தக்காரங்க டீதானே ஒண்ணும் பண்ணாதுன்னு நெனைச்சுக்கிறாங்க, அதுக்கும் இதே மணிக்கட்டுக் கணக்குதான். டீகாஃப் எங்க ஊர்க் கடையில கெடைக்காது, ஆன்லைன்ல வாங்கலாம், பிரஷர் இருக்கிறவங்க, படபடப்பு வர்றவங்க அதை யோசிக்கலாம்.

காப்பியே எலும்பு புடிக்கிறதைக் கெடுக்குமான்னு நெறைய பேரு பயப்படுறாங்க. எலிகளுக்கு தினமும் அதிக அளவுல காஃபீன் குடுத்துப் பாத்ததுல எலும்பு ஆறுறது மெதுவானதா ஆய்வுகள் இருக்கு, அதனால மூணு மாசமும் அளவா குடிக்கிறது புத்திசாலித்தனம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரைக்கும் பரவாயில்லைங்கிறது பொதுவா சொல்ற கணக்கு, இந்த நேரத்துல நான் அதுல பாதிக்கு மேல போகல. ஆனா இம்ப்ளான்டுக்கு நிரூபணமான எதிரி பீடி சிகரெட்டு, கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை நோய். எங்க சித்தப்பாவுக்கு காப்பி குடிச்சா கை தானா சட்டைப் பாக்கெட்டுக்குப் போகும். அந்த மாதிரி ஆளுங்களுக்கு நான் சொல்றது முதல் வழிதான், காப்பியவே நிறுத்திருங்க, காப்பிக்காக இல்ல, அது கூப்பிட்டுக்கிட்டு வர்ற பீடிக்காக.

ஆக யாருக்கு எதுன்னா, ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் குடிக்கிறவங்க, புகை பழக்கம் இருக்கிறவங்க, எலும்புத்தூள் வெச்சவங்க எல்லாரும் தையல் பிரிக்கிற வரைக்கும் நிறுத்திருங்க. மூணு நாலு டம்ளர் ஆளுங்க, ஒரு இம்ப்ளான்ட் மட்டும் வெச்சவங்க, பத்து நாள் முன்னாடி இருந்தே கொறைச்சு, ரெண்டு மூணு நாள் முழுசா விட்டு, டாக்டர் சரின்னா ஆற வெச்சு அரை டம்ளர்ல ஆரம்பிங்க. சூடா மறுபக்கமாங்கிற வழி யாருக்கும் வேணாம்.

எனக்கு பத்தாவது நாள் தையல் பிரிச்சாங்க, டாக்டரம்மா வெளக்கு அடிச்சுப் பாத்துட்டு நல்லா மூடியிருக்குன்னாங்க. இப்ப அம்மாவுக்கு மேல்தாடையில இன்னொண்ணு வெக்கணும், அங்க எலும்பு கம்மியா இருக்கிறதால சைனஸ் பக்கம் எலும்புத்தூள் வெப்பாங்களாம், அதனால ரெண்டு வாரத்துக்கு மூக்கைச் சீந்தக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும்னு சொல்லியிருக்காங்க. தேதி இன்னும் மூணு வாரம் இருக்கு. நேத்துல இருந்து பத்து மணிக் காப்பி நின்னுருச்சு, சிக்கரி டப்பாவ அம்மாவே எடுத்து தூள் டப்பா பக்கத்துல வெச்சிருக்காங்க.